விம் குவிக்ஃபிக்ஸா, ஈமாக்ஸ் கம்பைலேஷன் ஜன்னலா?

விம், ஈமாக்ஸ் இரண்டும் நிரல் எழுதும் எடிட்டர்கள். நிரலைக் கம்பைல் செய்ய மேக் (make) கட்டளையை ஓட்டியதும் வரும் பிழைகளைக் காட்ட விம்மில் குவிக்ஃபிக்ஸ் ஜன்னல், ஈமாக்ஸில் கம்பைலேஷன் பஃபர். விம்மின் ஜன்னல் வழக்கமாக 10 வரி உயரத்தில் திறக்கும். அதைத் திறக்கும் :copen கட்டளையோடு 15 என்று சேர்த்தால் 15 வரி. அவ்வளவுதான் வேலை. ஆனால் விம்முக்குத் தெரியாத கம்பைலர் என்றால் பிழைச் செய்தியை எப்படிப் படிப்பது என்று சொல்லும் எரர்ஃபார்மட்டை நாமே எழுத வேண்டும். அதிலுள்ள சதவீதக் குறிகள் தலையைச் சுற்ற வைக்கும்.

நீளமான பில்டுக்கு என் ஓட்டு ஈமாக்ஸுக்குத்தான். கம்பைலேஷன்-ஸ்க்ரோல்-அவுட்புட் என்ற மாறிக்கு ஃபர்ஸ்ட்-எரர் என்று மதிப்பு கொடுத்தால், வெளியீடு தானாக நகர்ந்து முதல் பிழையில் நின்றுவிடும். சி++ டெம்ப்ளேட் பிழைகள் பக்கம் பக்கமாகக் கொட்டும்போதுதான் இதன் அருமை தெரியும்; மூலகாரணம் பெரும்பாலும் அந்த முதல் பிழையில்தான் இருக்கும். ஜன்னலை வலப்பக்கம் வைக்க மட்டும் கொஞ்சம் லிஸ்ப் (ஈமாக்ஸின் நிரல்மொழி) எழுத வேண்டும். சரி, ஒரு தடவை எழுதினால் போதுமே.