“பேனர்மேன் தீவுக் கத்தி” விற்பனைக்கு வந்தால் கவனம்

பழைய ராணுவப் பொருட்கள் சேகரிக்கிறவர்கள், முக்கியமாக இங்கே நியூயார்க், நியூஜெர்சி பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். 1898 ஸ்பானிஷ்-அமெரிக்கப் போரின் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) என்று சொல்லி இணையத்தில் ஒருவர் என்னிடம் 340 டாலர் வாங்கிவிட்டார். ஹட்சன் ஆற்றுத் தீவில் இருக்கிற பேனர்மேன் ஆயுதக் கிடங்கு 1969-ல் எரிந்தபோது அவருடைய தாத்தா இடிபாட்டிலிருந்து எடுத்து வைத்ததாம். கோட்டைப் படம் போட்ட பளபளப்பான சான்றிதழ் வேறு.

பார்சலைப் பிரித்தால், எந்தப் படத்திலும் காட்டாத பக்கத்தில், பிடியில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ (தலையில் கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகு)! அந்த ஸ்க்ரூ சந்தைக்கு வந்ததே 1930களில்தான். அலகில் எந்தத் தொழிற்சாலை முத்திரையும் இல்லை.

கதையில் பாதி உண்மை என்பதுதான் இந்த ஆட்களுக்கு வசதி. பிரான்சிஸ் பேனர்மேன் 1851-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே புரூக்ளினுக்கு வந்து, ராணுவமும் கடற்படையும் கழித்துக்கட்டிய பொருட்களை ஏலத்தில் எடுத்து விற்றே பெரிய ஆளானவர். 1898 போர் முடிந்ததும் ஸ்பானியர்களிடம் பிடிபட்ட தளவாடங்களில் பெரும்பகுதியை அவரே வாங்கினார். அவ்வளவு வெடிமருந்தை நியூயார்க் நகருக்குள் வைக்க முடியாது என்பதால் 1900-ல் ஹட்சன் ஆற்றில் இருக்கிற அந்தப் பொல்லெபெல் தீவை வாங்கி, ஸ்காட்லாந்துக் கோட்டை மாதிரியே கிடங்கு கட்டினார். சுவரிலேயே தன் பெயரைப் பெரிய எழுத்தில் பதித்தார், படகிலும் ரயிலிலும் போகிறவர்கள் படிக்கட்டும் என்று. வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும். 1918-ல் அவர் இறந்தார், 1920-ல் தீவில் 200 டன் குண்டும் வெடிமருந்தும் வெடித்தது.

தாத்தா கதை எங்கே உடைகிறது என்றால், தீவை நியூயார்க் மாநிலம் வாங்கியது 1967-ல், அதற்குள் பழைய சரக்கையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டார்கள். 1969 ஆகஸ்டில் எரிந்தது காலிக் கட்டடம். எடுக்க அங்கே என்ன இருந்தது?

சரி, நிஜமாகவே பேனர்மேன் கடைச் சரக்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது எந்தப் போருக்கும் சாட்சி ஆகாது, ஏனென்றால் பல நாட்டு ராணுவங்களின் பொருளும் அவரிடம் இருந்தது, மிச்சமான உதிரிகளைக் கோத்துத் துப்பாக்கி செய்தும் விற்றார்கள். ரஷ்ய மோசின் நாகாந்த் துப்பாக்கிகளை .30-06 என்ற அமெரிக்க ராணுவத் தோட்டாவுக்கு மாற்றி அந்த நிறுவனம் விற்றவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. யாராவது கொடுத்தால் அலமாரியில் வையுங்கள், சுட்டுவிடாதீர்கள். சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) சரியாகப் பொருந்தாமல் தோட்டா உறை கிழிந்து முகத்துக்கே வரலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு “சான்றிதழ்தான் இருக்கிறதே” என்று ஒரு பதில், அடுத்து பிளாக். கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். இதற்குள் அதே வாசகத்தோடு இன்னொரு கத்தி விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்க நினைத்தால் பிடியின் இரண்டு பக்கமும், அலகின் அடிப்பகுதியும் தெளிவாகத் தெரிகிற படம் கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள்.