புது ரிங், பழைய பிரீதர்: அம்பாசிடர் இன்ஜினின் ஆயில் தொல்லைகள்

இன்ஜின் வேலை முடிந்து வந்த வண்டியில் ஆயில் குறைகிறது என்று சொன்னால், கடலூரில் யாரைக் கேட்டாலும் ஒரே தீர்ப்புதான்: “ரிங் உட்காரவில்லை சார், இன்ஜினைத் திரும்ப இறக்கிவிடலாம்.” ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். அது சிலிண்டர் சுவரோடு படியாவிட்டால் ஆயில் மேலேறி எரியும். என்னுடைய 1986 மார்க் 4 அம்பாசிடருக்கும் அதுதான் கிடைத்தது. நான் இறக்கவில்லை. இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. அதே ரிங்குகளோடுதான் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்து பி-சீரிஸ் வம்சம். புதுச்சேரியில் ஒரு லேத் பட்டறையில் போர் போட்டு (சிலிண்டர் துளையைக் கடைந்து அகலப்படுத்தி), ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், அதன் அசைவை வாங்கி வால்வுக்குக் கடத்தும் டேப்பட் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. ஹெட் ஏறுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரிங் படிவதற்காகச் சிலிண்டர் சுவரில் தீட்டிய ஹோனிங் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சீராகத் தெரிந்தன. பிறகு யார் என்ன சொன்னாலும் நான் அசையாமல் நின்றதற்கு அந்தக் கோடுகளே காரணம்.

ரன்னிங்-இன் காலத்துக்கு, அதாவது புது பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் முதல் ஓட்டத்துக்கு, சாதாரண மினரல் 20டபிள்யூ-50 ஆயில் போதும். விலை உயர்ந்த சிந்தெடிக்கை அப்போதே ஊற்றுவது பணத்துக்கும் கேடு, ரிங் படிவதற்கும் இடைஞ்சல். இந்த இன்ஜினின் டேப்பட்டுகள் கேமின் மேல் நேரடியாக உரசி ஓடுபவை. துத்தநாகமும் பாஸ்பரசும் போதுமான அளவில் உள்ள ஆயில்தான் அவற்றைக் காப்பாற்றும். புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் இவற்றைக் குறைத்துவிட்டார்கள், புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட் கெடாமல் இருப்பதற்காக. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வைத்தோம். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம். அந்த ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்கிவிட்டுப் புது ஆயிலும் புது பில்டரும் போட்டோம்.

புது இன்ஜினை மெதுவாக, ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது பெரியவர்கள் தரும் அறிவுரை. பாதிதான் சரி. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைப் போர் சுவரோடு நெருக்கும்போதுதான் ரிங் படியும். திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் ஐடிலிலேயே உறுமிக்கொண்டிருந்தால் சுவர் பளபளப்பேறி, ரிங் கடைசிவரை படியாமலே போய்விடும். கடலூர் தட்டையான ஊர், ஏற்றத்துக்கு எங்கே போவது? நல்லவேளையாகக் கேப்பர் மலை இருக்கிறது. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தி ஏறுவது, அதே கியரில் காலை எடுத்துவிட்டு இறங்குவது, இறங்கியதும் மறுபடி அழுத்துவது. ஏறும்போது நீலப்புகை வந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். இறங்கி முடித்து அழுத்தும் கணத்தில் ஒரு கொத்தாக வந்தால் வால்வு கைடு, வால்வு சீல். சில நூறு கிலோமீட்டருக்குள் எனக்கு இரண்டும் நின்றுவிட்டன. ஆனாலும் டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்கிக்கொண்டே இருந்தது.

புகை இல்லை, ஆயில் குறைகிறது என்றால் அது வெளியேதான் போகிறது. இந்த எளிய கணக்கைப் போடாமல் இன்ஜினை இறக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். இரவு வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து மூடியான பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே உள்ளங்கை அகலக் கறை. கியர்பாக்ஸ் ஆயில் குறையவில்லை, ஆகவே இது இன்ஜின் ஆயில். இன்ஜினின் பின்பக்கத்தை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, காயவிட்டு, முகப்பவுடரைத் தூவிவிட்டு முள்ளோடை வரை போய்வந்தேன். (பெட்ரோல் புதுச்சேரி எல்லைக்குள் மலிவு. அந்தச் சாக்கும் இருந்தது.) இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து பின்பக்கமாக ஆயில் வழிந்திருந்தால் பவுடரில் தடம் விழுந்திருக்கும். மேலே பவுடர் அப்படியே இருந்தது, ஈரம் கீழே மட்டும். ஆக, கசிவு கிராங்கின் (பிஸ்டன்கள் சுற்றும் அடித்தண்டின்) பின்முனையில்.

“பின் ஆயில் சீல் போய்விட்டது” என்றார் ஒருவர். இந்த இன்ஜினில் அந்த இடத்தில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுவரி, சுற்றும் வேகத்தில் ஆயிலை உள்ளேயே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் கேஸில் அழுத்தம் கூடினால் அந்தத் திருகுவரியால் தாக்குப்பிடிக்க முடியாது. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு காகிதத்தை வைத்தேன். எகிறி விழுந்தது. டேப்பட் பக்க மூடியிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாயை, அதாவது கிராங்க் கேஸ் வாயுவை வெளியேவிடும் மூச்சுக்குழாயை, கழற்றிப் பார்த்தால், புளிக்கரைசல் வற்றிக் கட்டியானதுபோல் கருப்பு மசி அடைத்துக் கிடந்தது. வெளியே மட்டும் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று மாட்டியிருக்கிறார்கள்! புது ரிங் படியும்வரை கிராங்க் கேஸுக்குள் வாயு வழக்கத்தைவிட அதிகமாகவே கசியும். அந்தச் சமயத்திலா மூச்சுக்குழாயை அடைத்து வைப்பது? மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி விட்டுக் குடைந்து மாட்டிய பிறகு, காகிதம் லேசாக நடுங்கியதோடு சரி. செய்தித்தாள் கறை இரண்டொரு சொட்டாகச் சுருங்கியது.

இதற்கிடையில் இன்னொரு தலைவலி. இன்ஜின் சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் சரிந்தது. இதற்கும் பேரிங்கைக் குறைசொல்ல ஆள் தயாராக இருந்தார். முதலில் நேரடியாகக் குழாய் மாட்டும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்திப் பார்த்தோம். சரிவு உண்மைதான். அடுத்து, பிளாக்கின் பின்பக்கத்தில் இருக்கும், மிகையான ஆயில் அழுத்தத்தைத் தணிக்கும் ரிலீஃப் வால்வைத் திறந்தார் மெக்கானிக். ஸ்பிரிங், அதன் பின்னால் வால்வு. வால்வு உட்காரும் விளிம்பில் அரிசிநொய் அளவு இரும்புச் சுருள், காந்தத்தில் ஒட்டியது. போர் போட்டபின் ஆயில் வழிகளைச் சரியாகக் கழுவவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வழி அடைப்பான்களைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவி மூடினோம். இப்போது ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ, சூடான ஐடிலில் 20க்குக் குறைவதில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் இறக்கிய ஆயிலில் காந்தம் விட்டுப் பார்க்கிறேன். இரும்புத்தூள் படிப்படியாகக் குறைந்து இப்போது ஏதும் வருவதில்லை. பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது. அதற்கு ஆயிலைத் துணியில் வடிகட்டி, வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். 1000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிறது, இந்த வயது வடிவமைப்புக்கு நியாயமான கணக்கு. டேப்பட் மூடியின் கார்க் கேஸ்கெட்டில் ஓர் ஓரம் இன்னும் கசிகிறது. போல்ட்டை மேலும் இறுக்கினால் மூடி வளைந்து கசிவு கூடும். அடுத்து கேஸ்கெட் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.