நாயைத் தனியே விட்டுப் போவது: சங்கிலி, கூடு, துணை, பயிற்சி, மருந்து

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பலாலி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போடப்பட்ட நாள்களில் அங்கு வந்து சேர்ந்த குட்டிதான் ரைகர். வீட்டார் எல்லாரும் எந்நேரமும் வீட்டில் இருந்த காலத்தில் அது வளர்ந்தது. அதன் பின்னரும் அம்மா பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்தபடியால், தனிமை என்றால் என்னவென்று மூன்று வயது வரை அது அறிந்திருக்கவில்லை. 2023 இல் அம்மா அக்காவிடம் கனடாவுக்குப் போனார். காலை ஏழரைக்கு நான் படலையைச் சாத்திவிட்டு வேலைக்குப் புறப்பட்டால், பின்னேரம் ஐந்து மணி வரை வீட்டில் அது மட்டுமே. இரண்டாவது கிழமை திரும்பி வந்தபோது முன்கதவு நிலையின் பழைய பலகை, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை, தும்பு தும்பாகக் கிழிந்திருந்தது. தும்புகளுக்கிடையே ஒரு நகத்துண்டும் காய்ந்த இரத்தமும் ஒட்டியிருந்தன.

அயலவரும் உறவினரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கட்டிவை, கூட்டில் போடு, இன்னொரு நாய் வாங்கு, யாரிடமாவது விட்டுவிட்டுப் போ, பழக்கு, மருந்து கொடு என்றார்கள். இவற்றுள் சிலவற்றை நான் செய்து பார்த்தேன். மற்றவற்றை மிருக வைத்தியரிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டேன். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் கேட்பது ஒன்றைத்தான்: இந்த வழி நாயின் பயத்தைக் குறைக்கிறதா, அல்லது அந்தப் பயத்தை நம் கண்ணுக்கும் அயலவரின் காதுக்கும் மறைக்க மட்டும் செய்கிறதா?

எந்த வழியைத் தேர்வதற்கும் முன்னர், நடப்பது பிரிவுப் பயம்தானா, அதாவது வீட்டார் விட்டுப் போவதால் வரும் பயம்தானா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பொழுதுபோகாத இளம் நாயும் செருப்பைக் கடிக்கும். ஒழுங்கையில் ஆள் போனால் குரைக்கும் நாயும் அயலுக்குத் தொல்லைதான். சிறுநீர்ப்பாதையில் நோயுள்ள நாயும் விறாந்தையை நனைக்கும். பிரிவுப் பயமாயின், சேதம் பெரும்பாலும் கதவு, யன்னல், படலை போன்ற வெளியேறும் வழிகளைச் சுற்றியே இருக்கும்; பெரும்பாலும் வீட்டார் புறப்பட்ட முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே தொடங்கிவிடும்; விருப்பமான சாப்பாடுகூடத் தொடப்படாமல் கிடக்கும். இதை அறிய அயலவரை விசாரிப்பதைவிடக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பார்ப்பது நல்லது. நான் அதனை அலுமாரியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். மோட்டார் சைக்கிளின் சத்தம் ஒழுங்கை முனையில் தேய்ந்து மறையும் வரை ரைகர் கதவடியில் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பிறகு கதவுக்கும் குசினிக்கும் இடையே நடக்கத் தொடங்கியது. நாலாவது நிமிடத்தில் முதல் ஊளை கேட்டது. பதினோராவது நிமிடத்தில் அது நிலையைப் பிறாண்டத் தொடங்கியது. நான் வைத்துவிட்டுப் போன மீன்சோற்றை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு விலகிவிட்டது. ஆனால் அன்று பின்னேரம் நான் வந்து தலைக்கவசத்தைக் கழற்றி முடிப்பதற்குள் அதே சோற்றை ஒரு பருக்கையும் விடாமல் தின்று தீர்த்தது. பசி இல்லாமல் அல்ல, தொண்டைக்குள் இறங்காமல்தான் அது பகலெல்லாம் பட்டினி கிடந்திருக்கிறது என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

அடித்தால் திருந்தும் என்று சொன்னவர்களும் உண்டு. இதனை ஒரு வழியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மணித்தியாலத்துக்கு முன்னர் நடந்ததற்கு இப்போது விழும் அடியை நாய் அதனோடு தொடர்புபடுத்தாது. வீட்டுக்காரர் திரும்பி வருவதும் பயத்துக்குரியது என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். தலையைக் குனிந்து வாலை இடுக்கும் நாயைப் பார்த்து, 'தான் செய்த குற்றம் அதற்குத் தெரிகிறது' என்று நாம் சொல்கிறோம். 2009 இல் அமெரிக்க ஆய்வாளரான அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களைக் கொண்டு இதைச் சோதித்தார். தவறு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகபாவத்துக்கும் தொடர்பிருக்கவில்லை. வீட்டுக்காரர் ஏசும்போதே அது வெளிப்பட்டது.

சங்கிலியையும் கூட்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசலாம். இரண்டும் கதவைக் காப்பாற்றும், நாயைக் காப்பாற்றா. பகலில் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவது நம்மூரில் காலங்காலமாக உள்ள வழக்கம். தனிமைக்குப் பயப்படாத நாய்க்கு, நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருந்தால், அது ஓரளவு பொறுக்கக்கூடியதாக இருக்கலாம். பயந்த நாயோ சங்கிலியின் நீளம் முழுவதும் ஓடி ஓடி இழுத்து, கழுத்தைப் புண்ணாக்கி, மரத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே வெளியேற்றுகிறது. பதற்றத்தில் ஏற்கெனவே இரைக்கும் நாயைச் சித்திரை, வைகாசி வெயிலில் கட்டிவைத்தால், நிழல் நகர்ந்த பின் நடக்கக்கூடியது சூட்டுத் தாக்கமும் மரணமும்தான். தகரக் கூரை போட்ட கூடு இதைவிடவும் மோசமானது. கம்பிக் கூட்டைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட நாய்களைப் பற்றி எந்த மிருக வைத்தியரைக் கேட்டாலும் சொல்வார். குட்டிக்காலம் தொட்டுத் தானாக விரும்பி உள்ளே போய்ப் படுக்கும் நாய்க்குக் கூடு ஒரு மறைவிடமாக அமையலாம். பயம் பிடித்த பிறகு புதிதாக வாங்கி வந்து பூட்டும் கூட்டை அது சிறையாகவே அறியும்.

வளவுக்குள் அவிழ்த்துவிடுவது இவ்விரண்டையும்விடக் கருணையானதாகத் தோன்றும். மதில் உயரமாகவும் கேற் இடைவெளியின்றியும் இருந்தால் அது உண்மைதான். எங்கள் வேலியோ பாதி கிடுகு, பாதி தகரம். மூன்றாம் நாளே ரைகர் கிடுகைப் பிரித்துக்கொண்டு என் மோட்டார் சைக்கிளின் பின்னால் பலாலி வீதி வரை ஓடிவந்துவிட்டது; அங்கே திரும்பிப் பார்த்தபோது அதன் பின்னால் வந்துகொண்டிருந்த மினிபஸ்ஸின் முகப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெளியே போகும் நாய் கட்டாக்காலி நாய்களோடு கடிபடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடாத நாயை எக்காரணத்துக்காகவும் வெளியே விடக்கூடாது.

இரண்டாவது நாய் என்ற யோசனை அன்பானது. ஆனால் பெரும்பாலும் பயன் தராது. பிரிவுப் பயம் உள்ள நாய் ஏங்குவது பொதுவாக மனிதருக்காக. பக்கத்தில் இன்னொரு நாய் படுத்திருக்க அது தொடர்ந்து ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். தன்னோடு வளர்ந்த துணைநாய் இறந்த பின்னர் பயம் தொடங்கியிருந்தால் விடயம் வேறு.

றேடியோவைப் போட்டுவிட்டுப் போவது, பழைய சாரத்தைப் படுக்கையில் விரித்துவிடுவது ஆகியவற்றால் தீங்கு இல்லை; அவற்றை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. உணவு வைப்பது அவற்றைவிடச் சற்று மேலானது. சோற்றையும் முள்ளெடுத்த மீனையும் பிசைந்து சிரட்டையில் அடைத்து, இரவு குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, காலையில் கொடுத்தால் இருபது நிமிடம் நக்கிக்கொண்டிருக்கும். சிரட்டையைக் கடித்து உடைக்கும் நாய்க்கு இது ஆகாது. அதற்குக் கெட்டியான இறப்பரில் செய்த பொருள் வேண்டும். குழம்புச் சோறும் ஆகாது, வெங்காயம் நாயின் செங்குழியங்களை அழிக்கும். இலேசான பயமுள்ள நாய்க்கு இது போதியதாக இருக்கலாம். ரைகரைப் போன்ற கடுமையான பயத்துக்கு உணவு மருந்தல்ல, அளவுகோல்: வாய் வைக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு பயத்தின் அளவை அறியலாம்.

இனி உண்மையில் போட்டியிடும் இரண்டு வழிகளுக்கு வருகிறேன். ஒன்று, நாயைத் தனியே விடாமல் யாரிடமாவது விடுவது. மற்றது, தனிமைக்குச் சிறிது சிறிதாகப் பழக்குவது.

துணை தேடும் விடயத்தில் யாழ்ப்பாணம் கொடுத்து வைத்த ஊர். பகலில் வீட்டிலிருக்கும் ஓர் அம்மம்மாவோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ இல்லாத ஒழுங்கை குறைவு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவர்கள் பலருக்கு நாயின் வரவு பிடித்தும் இருக்கிறது. நான்கு வீடு தள்ளி இருக்கும் மாமியிடம் ரைகரை முதன்முதலாக விட்ட அன்று பின்னேரம் அவர் சொன்னது இது: "தம்பி, நீ போன கையோட படலையடியிலை நிண்டு அழுதுது. பத்து நிமிசத்திலை வந்து என்ரை காலடியிலை படுத்திட்டுது. பாவம், ஆளில்லாமல்தான் அதுக்குப் பயம்." அதற்கு வேண்டியது நான்தான் என்று எண்ணியிருந்தேன்; யாராவது ஓர் ஆள் போதும் என்பதை மாமி ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். எல்லா நாய்களும் அப்படியல்ல. ஒரே ஒருவரை மட்டும் பற்றியிருக்கும் நாய், வீடு நிறைய ஆட்கள் இருந்தாலும் அவருக்காகவே வாசலைப் பார்த்திருக்கும். இந்த வழியின் பலம், முதல் நாளிலேயே நாயின் துன்பம் நின்றுவிடுவது. அதன் பலவீனம், மாமி நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலுக்குப் போகத் தொடங்கினாலோ, மகளிடம் கொழும்புக்குப் புறப்பட்டாலோ மீண்டும் பழைய கதைதான் என்பது.

பழக்கும் முறையில் இதற்கு நேர்மாறு. பலன் மெதுவாகவே வரும், வந்தால் நிலைக்கும். அதன் அடிப்படை இலகுவானது: நாய் பயப்படத் தொடங்கும் கணத்துக்கு முன்னரே திரும்பி வந்துவிட வேண்டும். முதலில் புறப்பாட்டின் அறிகுறிகளின் கூர்மையை மழுக்க வேண்டும். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டுக் கதிரையில் அமர்ந்தேன். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தேன். மோட்டார் சைக்கிளை இயக்கி, நிறுத்தி, மீண்டும் உள்ளே வந்தேன். சாவிச் சத்தத்துக்கு ரைகர் தலை தூக்காத நிலை வர ஒன்பது நாள் சென்றது. அதன் பிறகே கதவுக்கு வெளியே ஐந்து விநாடி, பத்து விநாடி, அரை நிமிடம். ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகக்கூடாது. மூன்று நிமிடத்துக்குப் பிறகு ஒரு நிமிடம், பிறகு நாலு நிமிடம் என்று ஏற்றியும் இறக்கியும் வைக்க வேண்டும். முதல் நாற்பது நிமிடத்தை எட்டுவதுதான் கடினம். ஒன்றரை மணித்தியாலம் அமைதியாக இருக்கப் பழகிய நாய் பொதுவாக அரை நாளையும் தாங்கும். இந்த முறைக்குச் செலவு எதுவும் இல்லை. கிழமைக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில், அன்றாடம் அரை மணித்தியாலத்தைத் தவறாமல் ஒதுக்குவதே அதன் விலை.

ஆனால் இதைத் தனித்துச் செய்து நான் முதலில் தோற்றேன். காலையில் இருபது நிமிடம் பயிற்சி; அதன் பின் ஒன்பது மணித்தியாலம் நிசமான தனிமை. முற்பகுதியில் கற்றதை மிகுதி நாள் முழுவதும் அழித்துவிட்டது. பயிற்சி நடக்கும் காலத்தில் நாய் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒரு நாளும் தனியே விடப்படக்கூடாது என்ற விதியை நான் வாசித்திருந்தும் கைக்கொள்ளவில்லை. மாமியின் வீடு கிடைத்த பிறகே பயிற்சி ஏறத் தொடங்கியது. ஆகவே இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே தவறு என்பது என் கருத்து. துணை, பயிற்சிக்கு வேண்டிய காலத்தை வாங்கித் தருகிறது; பயிற்சி, துணை இல்லாத நாளுக்கு நாயைத் தயார்செய்கிறது. சங்கிலிக்கும் கூட்டுக்கும் இந்தப் பண்பு இல்லை: அவை பயத்தை நாள்தோறும் ஒத்திகை பார்க்கவே விடுகின்றன.

மருந்தும் காலத்தை வாங்கித் தரும் வகையைச் சேர்ந்ததே, பயிற்சிக்கு மாற்று அல்ல. நாய்களின் பிரிவுப் பயத்துக்கென குளோமிப்பிரமின் 1998 இலும் புளுவொக்செற்றின் 2007 இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டையும் நடத்தைப் பயிற்சியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அனுமதியின் பகுதி. பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும், ஆகையால் நான்கு நாள் கொடுத்துவிட்டு 'சரிவரவில்லை' என்று நிறுத்துவதில் பொருளில்லை. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இவை ஆபத்தாகலாம். உண்ணிக்காக அமித்திராஸ் கலந்த மருந்தில் நாயைக் குளிப்பாட்டுபவர்கள், அல்லது அந்த மருந்துள்ள கழுத்துப் பட்டியைக் கட்டியிருப்பவர்கள், அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது இம்மருந்துகளோடு சேரக்கூடாது. மனிதருக்குத் தந்த குளிசையை வீட்டில் பாதியாக உடைத்துக் கொடுப்பதை யாரும் செய்ய வேண்டாம். அசிப்புறோமசின் போன்ற மயக்கமூட்டிகளைத் தனியே கொடுப்பதையும் நான் ஏற்கமாட்டேன். அவை உடலைச் சோரவைக்கும். பயம் அப்படியே இருக்க, கத்தவும் ஓடவும் முடியாமல் நாய் கிடக்கும். அயலவர் அதை அமைதி என்பார்கள்.

தின்ன மறுக்கும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நாய்க்கு மருந்தைப் பற்றி முதல் நாளிலேயே வைத்தியரிடம் கேட்பது நல்லது. நான் அதைக் கடைசி வழியென்று எண்ணித் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு மாதத்தை ரைகருக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம். இப்போது அது மதியம் வரை தனியே இருக்கிறது, சிரட்டையைக் காலியாக்கிவிட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்துவிடுகிறது. சத்தத்துக்குப் பயப்படும் நாய்களுக்குப் பிரிவுப் பயமும் சேர்ந்தே இருப்பது வழமை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டு இடி முழங்கும் நாள்களில் நான் இன்னும் அதை மாமியிடமே விட்டுவிட்டுப் போகிறேன்.