பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்: ஃபில்டர் செய்வதா, புதுப்பிப்பதா, மாற்றுவதா?

பிடிவி, அதாவது எண்ணெய் எவ்வளவு மின்னழுத்தம் வரை தாங்கும் என்ற அளவு, இறங்கியதும் ஃபில்டர் மெஷினை வரவழைப்பதுதான் பல ஆலைகளில் வழக்கம். ஆனால் பிடிவி காட்டுவது பெரும்பாலும் ஈரத்தையும் மிதக்கும் நார், தூசியையும்தான். எண்ணெய் கெட்டுவிட்டதா என்பதை அமில எண்ணையும் (ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தைச் சமன் செய்யத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மில்லிகிராமில்), ஐஎஃப்டி எனப்படும் எண்ணெய்–நீர் இடைமுக இழுவிசையையும் பார்த்தே சொல்ல முடியும். இந்த மூன்றும் கையில் இல்லாமல் எந்த வேலைக்கும் ஆர்டர் போடாதீர்கள்.

33/11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மரில் பிடிவி 30 கே.வி.க்குக் கீழே, அமில எண் 0.15க்குள் என்றால் ஃபில்டரே போதும். 60–65 டிகிரிக்குச் சூடாக்கி, வெற்றிட அறை வழியே பல சுற்று ஓட்டினால் நீரும் வாயுவும் பிரிந்துவிடும். வெற்றிடம் மெஷினுக்குள் மட்டும் இருக்கட்டும். அதற்கென வடிவமைக்காத டேங்க் உள்வாங்கி நசுங்கிவிடும். ஃபில்டர் முடிந்த கையோடு 60 கே.வி. வந்தது சில மாதங்களில் மறுபடி இறங்குவது ஏன்? ஈரத்தில் மிகப் பெரும் பங்கு சுருளைச் சுற்றிய காகிதத்தில் இருக்கிறது. அது மெல்ல எண்ணெய்க்குத் திரும்புகிறது. டேங்கிற்குள் போகும் காற்றை உலர்த்தும் பிரீதரில் சிலிகா ஜெல் நிறம் மாறிக் கிடந்தால் வெளிக்காற்றின் ஈரமும் சேரும். முதலில் அதை மாற்றுங்கள்.

அமில எண் 0.30ஐத் தாண்டி, ஐஎஃப்டியும் மீட்டருக்கு 20 மில்லிநியூட்டனுக்குக் கீழே போயிருந்தால் எத்தனை சுற்று ஃபில்டர் செய்தாலும் பயனில்லை. கரைந்த அமிலம் ஃபில்டரில் நிற்காது. இங்கே அமிலத்தை உறிஞ்சும் ஃபுல்லர்ஸ் எர்த் களிமண் வழியே எண்ணெயை ஓட்டிப் புதுப்பிக்க வேண்டும். 80 டிகிரி அளவில் சுழலும் எண்ணெய் சுருளில் படிந்த கசடையும் கரைத்து வெளியே கொண்டுவரும். எங்கள் பார்வையில் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இதுவே சரியான வழி. ஆனால் களிமண், எண்ணெயின் இயற்கையான ஆக்ஸிஜனேற்றத் தடுப்பையும் இழுத்துவிடும். அதனால் கடைசியில் 0.3 சதவீதம் டிபிபிசி என்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பானைச் சேர்க்க வேண்டும்: 3,000 லிட்டருக்குச் சுமார் 8 கிலோ, கொஞ்சம் சூடான எண்ணெயில் தனியாகக் கரைத்து. இதை விட்டுவிட்டால் அமிலம் வேகமாக ஏறும்.

எண்ணெயை மாற்றுவது எளிதாகத் தோன்றும். வடித்தாலும் பழைய எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காகிதத்திலும் மரத்துண்டுகளிலும் தங்கிவிடும். அந்த அமிலம் புது எண்ணெயில் கலக்கும். சூடான எண்ணெயால் உள்ளே கழுவாமல் நிரப்பினால் பணம் வீண். 100 கே.வி.ஏ. போன்ற சிறியவற்றுக்கு, மெஷின் கொண்டுவரும் செலவைவிட மாற்றுவது மலிவு.

எந்த வழியானாலும், தொடங்குமுன் கரைந்த வாயு சோதனைக்கும் ஃபியூரான் (காகிதம் நலியும்போது எண்ணெயில் சேரும் பொருள்) சோதனைக்கும் மாதிரி எடுத்துவிடுங்கள். மழை இல்லாத நாளில், அடி வால்வில் ஒன்றிரண்டு லிட்டர் விட்ட பிறகு எடுக்க வேண்டும். வெற்றிடம் வாயுத் தடயத்தை அழித்துவிடும், களிமண் ஃபியூரானை இழுத்துவிடும். உள்ளே பழுது இருந்ததா, காகிதம் எவ்வளவு நலிந்தது என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம்.