ஸிங்க் குழாயில் டிஷ்வாஷர்: இரண்டு வாடகை வீடுகள், நாலு வருஷ அனுபவம்

எட்டு செட் பாத்திரம் கொள்ளும் டேபிள்டாப் டிஷ்வாஷரை 2021 ஆகஸ்டில் வாங்கினோம். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. தேய்க்கிற வேலையை அவர் கையிலிருந்து எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. வாடகை வீடு, சுவரை உடைத்துத் தனி லைன் இழுக்க முடியாது. "சமையலறைக் குழாயிலேயே மாட்டிக்கலாம்" என்று கடையில் சொன்னார்கள், அதை நம்பித்தான் வாங்கினோம். மாட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் சரியாக மாட்டுவது எப்படி என்று எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆனது. மெஷின் எப்படிக் கழுவுகிறது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் குழாயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அப்போது நாங்கள் இருந்தது மடிப்பாக்கத்தில், நாலு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில். ஸிங்கில் நீளக் கழுத்து வளைந்த குழாய், இரண்டு பக்கமும் திருப்பலாம். மெஷினோடு வரும் ஹோஸின் முனையில் முக்கால் இஞ்ச் நட், வாஷிங் மெஷின் ஹோஸில் இருப்பதேதான். குழாய் மூக்கில் அதற்கு ஏற்ற மரை கிடையாது. மாட்ட வந்தவர் நாலு ஸ்க்ரூ வைத்த பிளாஸ்டிக் அடாப்டரை மூக்கின் மேல் செருகி, ஸ்க்ரூக்களை இறுக்கி, ஹோஸைப் பூட்டிவிட்டுப் போனார். பத்தே நிமிஷம். சொட்டுக்கூட ஒழுகவில்லை.

ஒரு மாசம் இருக்கும். ராத்திரி பத்தரைக்கு மெஷினைப் போட்டுவிட்டுப் படுத்தோம். 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் தண்ணீர் கொட்டுகிற சத்தம். எழுந்து ஓடினால் அடாப்டர் கழன்று ஸிங்குக்கு வெளியே கிடக்கிறது, குழாய்த் தண்ணீர் மேடையில் விழுந்து தரையெல்லாம் ஓடுகிறது. கேஸ் சிலிண்டர் அடி நனைந்து, கீழ் அலமாரியில் இருந்த உளுந்துப் பை ஊறி, ஹால் பாய் வரைக்கும் ஈரம். அம்மா அந்த நேரத்தில் பழைய துண்டை வைத்துத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். எந்தக் கைக்கு ஓய்வு கொடுக்க மெஷின் வாங்கினோமோ, அதே கை. அதைப் பார்த்தது இன்னும் மனதில் நிற்கிறது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இணைப்பின் மேல் பெரிய பாரம் இல்லை. மெஷினுக்குள் வேண்டிய தண்ணீர் நிரம்பியதும் உள்ளே இருக்கும் வால்வு சட்டென்று மூடிக்கொள்ளும். அந்த நொடியில்தான் தொட்டியின் முழு அழுத்தமும் இணைப்பின் மேல் வருகிறது, கூடவே ஓடிவந்த தண்ணீர் நின்ற அதிர்ச்சியும் சேர்ந்து அடிக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. நாலு மாடிக்கு மேலே தொட்டி, தரைத்தளத்தில் குழாய் என்றால் 1.4 பார் வரும். முக்கால் இஞ்ச் வாயில் அது கிட்டத்தட்ட நாலு கிலோ இழுவை. ஒரு சுற்று ஓடி முடிவதற்குள் நாலைந்து தடவை இது நடக்கும். வழுவழுப்பான குரோம் மூக்கை நாலு ஸ்க்ரூ முனைகள் எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருக்கும்? அந்த அடாப்டரை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்து மரை அடாப்டர். குழாய் மூக்கில் நுரை நுரையாகத் தண்ணீர் விழச் செய்யும் சின்ன மூடியைக் கழற்றினால் மரை தெரியும். பெரும்பாலான குழாய்களில் மூக்கில் வெளிமரை இருந்தால் 22 மில்லிமீட்டர், உள்மரை இருந்தால் 24 மில்லிமீட்டர். கழற்றிய மூடியைக் கையில் எடுத்துக்கொண்டே ஹார்டுவேர் கடைக்குப் போங்கள், அளவு சொல்லிப் புரியவைக்கும் தொல்லை இல்லை. பித்தளை அடாப்டர் கிடைத்தது, மாட்டினேன், எட்டு மாசம் நிம்மதி.

அப்புறம் குழாயின் கழுத்து அடியில், திருப்புகிற இடத்தில், கசிய ஆரம்பித்தது. மெஷின் ஓடும்போது மட்டும்தான் கசிவு. குழாய் கெட்டுவிட்டது என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதுதான் இந்த நாலு வருஷத்தில் நான் கேட்ட மிக உபயோகமான விஷயம்: "அக்கா, குழாயை மூடினா தண்ணி உள்ளேயே நின்னுடும், கழுத்துக்கு வராது. தொறந்தா மூக்கு வழியா போயிடும். கழுத்துக்குப் பிரஷர் தாங்குற வேலையே கிடையாது. நீங்க மூக்கை அடைச்சு நாள் பூரா பிரஷர்ல வெச்சிருக்கீங்க. மெஷினுக்குத் தண்ணியைக் கழுத்துக்கு முன்னாடியே பிரிச்சு எடுத்துடுங்க."

அதன்படியே செய்தோம். மெயின் வால்வை மூடி, குழாயைச் சுவரிலிருந்து கழற்றி, அரை இஞ்ச் பித்தளை டீ (ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கும் T வடிவ இணைப்பு) ஒன்றைச் சுவரில் மாட்டி, அதன் ஒரு பக்கம் பழைய குழாய், இன்னொரு பக்கம் வாஷிங் மெஷின் குழாய். அதன் வாயிலேயே முக்கால் இஞ்ச் மரை இருப்பதால் அடாப்டரே வேண்டாம். மொத்தம் 700 ரூபாய்க்குள் முடிந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை என்பதால் வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

பிளம்பர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில் இரண்டு விஷயம். டீயின் மரைகளுக்கு டெஃப்லான் டேப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினார், மரை திருகும் திசையிலேயே. ஹோஸ் நட்டுக்கு டேப்பே போடவில்லை. அங்கே அடைப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான். கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். சுவருக்குள் பிளாஸ்டிக் பைப் போன வீடு என்றால் டீயை முழு பலத்தோடு திருகக் கூடாது. உள்ளே எல்போ (பைப் வளையும் இடத்து இணைப்பு) விரிந்துவிட்டால் அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

2023-இல் பம்மலுக்கு மாறினோம். இந்த வீட்டில் பிரச்சினை நேர் எதிர். இரண்டு மாடி வீட்டின் மேல்தளம், தொட்டி எங்கள் தலைக்கு மேல். டீயை மாட்டி மெஷினைப் போட்டால் தண்ணீர் எடுக்கப் பார்த்துவிட்டு பீப் பீப் என்று கத்தி நின்றுவிடும். எங்கள் மெஷினின் கையேட்டில் குறைந்தது 0.4 பார் வேண்டும் என்று போட்டிருக்கிறது. தொட்டியின் அடிப்பாகம் குழாயிலிருந்து மூன்றே கால் மீட்டர்தான், அதாவது 0.32 பார். தொட்டி நிரம்பியிருந்தால் இன்னும் ஒரு மீட்டர் தண்ணீர் சேர்ந்து 0.4-ஐத் தாண்டிவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு, காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பியதும்தான் மெஷினைப் போடுகிறேன். ராத்திரிப் பாத்திரங்களைத் தண்ணீர் காட்டி உள்ளே அடுக்கி வைத்துவிட்டால் போதும். பிரஷர் பம்ப் வைக்கச் சொன்னார்கள். தேவைப்படவில்லை.

ஆனால் போன வருஷம் தொட்டி நிரம்பியிருந்தும் பீப் சத்தம். ஹோஸைக் கழற்றி மெஷின் வாயைப் பார்த்தேன். அங்கே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வலை, அதில் ரவை மாதிரி போர் மணலும் வெள்ளைப் படிவமும் அப்பியிருந்தன. குறடால் மெதுவாக இழுத்து எடுத்து, வினிகரில் அரை மணி ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் பழையபடி ஓடியது. இப்போது இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை இதைச் செய்கிறேன். சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் இந்த வலையைப் பாருங்கள். போர் தண்ணீர் வீடுகளில், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க மெஷினில் போடும் டிஷ்வாஷர் உப்பும் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு உப்பு போடக் கூடாது.

கழிவு ஹோஸை ஸிங்கில் விட்டிருக்கிறோம். பம்ப் ஓடும்போது அது துள்ளும், அதனால் கட்டிவைப்பது அவசியம். முனை தேங்கிய தண்ணீரில் முங்கியிருக்கக் கூடாது, அழுக்குத் தண்ணீரை மெஷின் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் முனையை வாளியில் விட்டு அளந்து பார்த்தேன். ஒரு முழுச் சுற்றுக்கு 10 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அதே பாத்திரங்களை அம்மா குழாயடியில் கழுவியபோது ஸிங்கின் அடியில் வாளி வைத்தேன், மூன்று வாளி நிரம்பியது. பிளக் விஷயத்தில் ஒன்றுதான்: 16 ஆம்பியர் பாயின்ட் இல்லாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டாதீர்கள்.

மெஷின் ஓடி முடிந்ததும் டீயில் இருக்கும் குழாயை மூடிவிடுகிறோம், ஹோஸ் சும்மா அழுத்தத்தில் கிடக்க வேண்டாம் என்று. போன வாரம் ஹோஸின் ரப்பர் வாஷரைத் தொட்டுப் பார்த்தேன், ஓரம் இறுகி வெடிப்பு விட்டிருந்தது. பத்து ரூபாய்க்குப் புதிது வாங்கி மாற்றியாயிற்று. கூடுதலாக இரண்டு வாங்கி ஸிங்குக்கு மேல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.