இதய நோயாளியின் கேர் பிளான்: முதல் டயக்னோசிஸாக எதை எழுதுவது?

இதய வார்டுக்காக நர்சிங் மாணவிகள் எழுதும் கேர் பிளான்களில் (நோயாளியின் பிரச்சினைகளை நர்சிங் டயக்னோசிஸ்களாக வரிசைப்படுத்தி, இலக்கும் பராமரிப்பும் எழுதும் திட்டம்) பெரும்பாலானவை ஒரே வரியில் தொடங்குகின்றன: 'டிக்ரீஸ்டு கார்டியாக் அவுட்புட்', அதாவது இதயம் வெளியேற்றும் ரத்தம் குறைந்திருக்கிறது. நோய் இதயத்தில் இருப்பதால் முதல் டயக்னோசிஸும் இதயத்தைப் பற்றியே இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஹார்ட் ஃபெயிலியரோடு (இதயச் செயலிழப்பு) வரும் எல்லோருக்கும் அந்த வரி முதலிடத்தில் பொருந்தாது. 'எக்ஸஸ் ஃப்ளூயிட் வால்யூம்' (உடலில் நீர் தேங்குவது), 'இம்பேர்டு கேஸ் எக்ஸ்சேஞ்ச்' (நுரையீரலில் ஆக்ஸிஜன் பரிமாற்றம் குறைவது), 'ஆக்டிவிட்டி இன்டாலரன்ஸ்' (சிறு வேலையையும் உடல் தாங்காதது) மூன்றும் அதே இடத்துக்குப் போட்டி போடுகின்றன.

உதாரணத்துக்கு இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் எக்கோ ஸ்கேனில் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியேற்றும் பங்கு) 30 சதவீதம். முதலாமவர், "தலையணை மூணு வச்சாதான் படுக்க முடியுது சிஸ்டர்" என்கிறார். கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் கிரெப்ஸ் (நொறநொறவென்ற சத்தம்) கேட்கிறது, ஒரு வாரத்தில் எடை 4 கிலோ கூடியிருக்கிறது. பி.பி. 116/74, கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறது. இரண்டாமவருக்கும் அதே வீக்கம், அதே கிரெப்ஸ். ஆனால் பி.பி. 88/72, கை கால் சில்லிட்டிருக்கிறது. நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறது. கேட்டதற்குப் பதில் மெதுவாக வருகிறது, சிறுநீர் சேகரிக்க மாட்டிய பையில் ஒன்றும் சேரவில்லை.

கேஸ் ஷீட்டில் இருவருக்கும் ஒரே மருத்துவ டயக்னோசிஸ்தான். கேர் பிளான் மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

மேல் பி.பி.யிலிருந்து கீழ் பி.பி.யைக் கழித்தால் முதலாமவருக்கு 42 வருகிறது. மேல் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். இரண்டாமவருக்கு 16 மட்டுமே, கால் பங்குகூட இல்லை. அந்த விகிதம் 25 சதவீதத்துக்குக் கீழே போனால், இதயம் வெளியேற்றும் ரத்தம் உண்மையிலேயே போதவில்லை என்று சந்தேகிக்கலாம். இதயநோய் மருத்துவர்கள் நோயாளிகளைச் 'சூடு–ஈரம்', 'குளிர்–ஈரம்' என்று பிரிக்கும்போது இதையும் ஓர் அடையாளமாகப் பார்க்கிறார்கள். உடலில் நீர் தேங்கியிருக்கிறதா, உறுப்புகளுக்கு ரத்தம் போய்ச் சேர்கிறதா என்ற அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேட நர்ஸின் கைகளும் ஒரு பி.பி. கருவியும் போதும். என் கணிப்பில், இந்தப் போட்டியைத் தீர்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

குளிர்ந்து கிடக்கும் இரண்டாமவருக்கு அவுட்புட்தான் முதல் வரி, சந்தேகமே இல்லை. அந்த வரியின் கீழ் என்ன எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 'கார்டியாக் அவுட்புட் நார்மலாகும்' என்று இலக்கு வைத்தால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. 30 சதவீத இதயம் இரண்டு நாளில் 60 ஆகப் போவதில்லை. சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு 0.5 மி.லி.க்குக் குறையாமல் இருக்க வேண்டும் (60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மி.லி.), கை கால் வெதுவெதுப்பாக வேண்டும், பேச்சு தெளிவாக வேண்டும் என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரும் பார்த்துச் சொல்ல முடியும்.

இந்த டயக்னோசிஸ் மீது பழைய விமர்சனம் ஒன்று உண்டு. ஐனோட்ரோப் (இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டும் மருந்து) தொடங்குவதும் டோஸ் மாற்றுவதும் மருத்துவர் ஆர்டரில் நடப்பவை. நர்ஸ் தானாகச் செய்து சரிப்படுத்த முடியாத ஒன்றை நர்சிங் டயக்னோசிஸ் என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். நர்சிங் டயக்னோசிஸ் நூல்களை எழுதிய லிண்டா கார்பெனிட்டோ இத்தகையவற்றைக் 'கொலாபரேட்டிவ் ப்ராப்ளம்' (மருத்துவரும் நர்ஸும் சேர்ந்து கவனிக்க வேண்டியவை) என்று தனியாகப் பிரித்தார். நர்சிங் டயக்னோசிஸ்களைத் தொகுக்கும் நாண்டா அமைப்பின் பட்டியலில் இது நெடுநாளாக இடம்பெற்றது, எழுதுவது தவறில்லை. ஆனால் கண்காணிப்பதும் உடனே தெரிவிப்பதும்தான் இங்கே நம் வேலையின் பெரும்பகுதி என்பது எழுதும்போது நினைவில் இருக்க வேண்டும்.

முதலாமவருக்கு எக்ஸஸ் ஃப்ளூயிட் வால்யூம்தான் முன்னால் வர வேண்டும். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது தேங்கிய நீர். இதில் நர்ஸ் தன் கையாலேயே செய்யக்கூடியது ஏராளம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே மெஷினில், ஏறக்குறைய அதே அளவு உடையோடு எடை பார்க்க வேண்டும். 1 கிலோ என்பது ஏறக்குறைய 1 லிட்டர் நீர். லாசிக்ஸ் (சிறுநீரைக் கூட்டி நீரை வெளியேற்றும் மருந்து) வேலை செய்கிறதா என்பதை, உள்ளே போன நீரையும் வெளியே வந்ததையும் குறிக்கும் இன்டேக்–அவுட்புட் சார்ட்டைவிட எடை நம்பகமாகச் சொல்லும். வீட்டார் கொடுத்த காபியும், கஞ்சியும், மாத்திரை விழுங்கக் குடித்த தண்ணீரும் சார்ட்டில் ஏறாமல் போவது எல்லா வார்டிலும் நடப்பதுதான். லாசிக்ஸ் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதால் அந்த ரிப்போர்ட்டையும் இந்த வரியோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

டயக்னோசிஸின் காரணத்தைச் சொல்லும் 'ரிலேட்டட் டு' பகுதியில் ஹார்ட் ஃபெயிலியர் என்று எழுதிவிட்டு நகர்வது பலருக்குப் பழக்கம். மருத்துவ டயக்னோசிஸை அங்கே வைப்பதைப் பெரும்பாலான மேடம்கள் ஏற்பதில்லை. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைப்பது என்று எழுதினால், உப்பைக் குறைப்பதும் லாசிக்ஸ் கொடுப்பதும் ஏன் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

இம்பேர்டு கேஸ் எக்ஸ்சேஞ்ச் எப்போது எல்லாவற்றையும் முந்தும்? நோயாளி வந்து சேரும் நேரத்தில். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்) 86, மூச்சு நிமிடத்துக்கு 32, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை என்றால், காலில் எவ்வளவு வீக்கம் என்பதெல்லாம் பிறகுதான். நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்ஸிஜன் போடுவது முதல் வேலை. ஆனால் சாச்சுரேஷன் 96 உள்ளவருக்கும் இந்த வரியை எழுதி, அதன் கீழ் 'ஆக்ஸிஜன் கொடுக்கவும்' என்று சேர்ப்பது சரியல்ல. சாச்சுரேஷன் 90-க்குக் குறையாத ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்கு ஆக்ஸிஜன் வழக்கமாகத் தேவையில்லை. தேவையில்லாமல் கொடுத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி இதயத்தின் சுமை கூடலாம். சான்று இல்லாத டயக்னோசிஸ் இப்படித்தான் தேவையற்ற சிகிச்சையில் போய் முடிகிறது.

ஆக்டிவிட்டி இன்டாலரன்ஸ் முதல் நாளுக்கான வரி இல்லை. நீர் இறங்கி, நோயாளி எழுந்து பாத்ரூம் போகத் தொடங்கும்போது மேலே வரும். 2021 பதிப்பில் நாண்டா இதை 'டிக்ரீஸ்டு ஆக்டிவிட்டி டாலரன்ஸ்' என்று மாற்றிவிட்டது, கல்லூரி எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதன் கீழ் வெறும் 'பெட் ரெஸ்ட்' என்று எழுதாதீர்கள். நடக்கும் முன்னும் பின்னும் பல்ஸ் பார்த்து, 20-க்கு மேல் கூடினால் நிறுத்தி, அடுத்த நாள் கொஞ்சம் தூரம் கூட்டுவதுதான் வேலை.

மாரடைப்பு நோயாளியின் கதை வேறு. அங்கே வலி முதலில் வரும். வலி பல்ஸையும் பி.பி.யையும் ஏற்றி, ஏற்கெனவே ஆக்ஸிஜனுக்கு ஏங்கும் இதயத் தசையை மேலும் வருத்தும். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் போகலாம் என்பதால், வலி இல்லை என்றதும் கவனத்தைத் தளர்த்தக் கூடாது.

வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கும்போது, கடைசியில் ஒப்புக்கு எழுதப்படும் 'டெஃபிசியன்ட் நாலெட்ஜ்' (நோயைப் பற்றிய அறிவு போதாமை) முதலாமவருக்கு மேலே வந்துவிட வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, உட்கார்ந்து பேச வேண்டும். சோற்றில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தொடர்ந்தால் பயனில்லை என்பதைச் சமைப்பவரிடமும் சொல்ல வேண்டும். பொட்டாசியத்தை உடலிலேயே தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம் என்று சொல்ல வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறினால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்ல வேண்டும். சொன்னதை அவரையே திருப்பிச் சொல்லவைத்து, எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதை 'எவால்யுவேஷன்' பத்தியில் எழுதுங்கள்.