சர்வேயா, சிவிலா? இரண்டு வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

"சிவில் படித்தாலே சர்வேயும் வந்துவிடுமே, அதைத் தனியாக எதற்குப் படிக்க வேண்டும்?" பள்ளி முடித்தவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. சிவில் பட்டப்படிப்பில் சர்வே, அதாவது நில அளவை, ஓரிரு பாடங்களாக வரும், ஒரு முகாமும் நடக்கும். கருவியைப் பார்த்து மிரளாமல் இருக்க அது போதும். ஒரு எல்லைக்கோட்டைக் காட்டி "இதுதான்" என்று கையெழுத்துப் போட அது போதாது. பல நாடுகளில் இரண்டுக்கும் உரிமமே வேறு வேறு. அமெரிக்காவில் தேர்வுகள்கூடத் தனித்தனி. நான் சில வருடம் சர்வே டீமிலும் அதன்பின் கட்டுமானத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டிலும் வேலைப்பளு ஒன்றுதான், கவலைதான் வேறு.

சர்வேயரின் நாள் வெயில் ஏறும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் தரையை ஒட்டிக் கானல் எழும், தொலைநோக்கியில் பார்க்கும் ஸ்டாஃப் என்ற அளவுகோலின் எண்கள் நடுங்கும். ட்ரைபாடை ஊன்றி, கால்களை மண்ணில் மிதித்து இறக்கி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, பேக் சைட் (தெரிந்த புள்ளியைப் பார்த்து எடுக்கும் முதல் அளவு) எடுத்த பிறகுதான் வேலையே. 5 செகண்ட் கோணப் பிழை என்றால் 200 மீட்டர் தள்ளிப் புள்ளி 5 மி.மீ. நகர்ந்துவிடும். இதையாவது கணக்கில் பிடிக்கலாம். என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. ஒருமுறை சைட்டில் பிரிசத்தை (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை) மாற்றினோம், கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனில் பிரிசம் கான்ஸ்டன்டை, அதாவது அந்தப் பிரிசத்துக்கான தூரத் திருத்தத்தை, மாற்ற மறந்துவிட்டோம். –30 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0 கிடந்தது. அன்று எடுத்த ஒவ்வொரு தூரமும் 30 மி.மீ. கூடுதல். திரும்பத் திரும்ப அளந்தாலும் அதே எண்தான் வந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாயங்காலம், ஏற்கெனவே தூரம் தெரிந்த இரண்டு கன்ட்ரோல் புள்ளிகளுக்கு நடுவே அளந்தபோதுதான் பிடிபட்டது. மறுநாள் முழுவதையும் மறுபடி அளந்தோம்.

இந்த வேலையின் பெருமையும் இதே இடத்தில்தான். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் பேஸ் ரயில் சுரங்கப்பாதை 57 கி.மீ. நீளம். 2010 அக்டோபர் 15 அன்று மலைக்குள் இரு பக்கத்திலிருந்தும் குடைந்து வந்தவர்கள் சந்தித்தபோது விலகல் பக்கவாட்டில் 8 செ.மீ., உயரத்தில் 1 செ.மீ. வானமோ செயற்கைக்கோளோ எட்டாத இருட்டுக்குள் இதைச் சாதித்தவர்கள் சர்வேயர்கள். திறப்பு விழாப் படங்களில் அவர்களைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

சிவில் இன்ஜினியரின் கவலை மெதுவாகப் பழுக்கும். காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் கம்பி, கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விடும் சிறு கட்டை), முட்டுகள் எல்லாவற்றையும் குனிந்து பார்த்துவிட்டு "ஊற்றலாம்" என்று சொல்ல வேண்டியவர் அவர். காங்கிரீட்டின் வலுவைப் பார்க்கும் கியூப் சோதனையின் முடிவு 28 நாள் கழித்து வரும், அதற்குள் மேலே இன்னொரு தளம் ஏறியிருக்கும். சர்வேயர் மறுநாள் திரும்பிப் போய் அளக்கலாம், ஊற்றிய காங்கிரீட்டைத் திரும்ப அள்ள முடியாது.

1981 ஜூலை 17, கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் டிராயிங்கில் கூரையிலிருந்து இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பி தாங்கியது. செய்வதற்கு வசதியாக அதை இரண்டு துண்டாக்கினார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையில் தொங்க ஆரம்பித்தது, மேல் விட்டத்தின் அடியில் இருந்த நட்டுக்குச் சுமை இரட்டிப்பானது. ஒரு சின்ன மாற்றத்தை யாரும் மறுகணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இன்ஜினியர்கள் உரிமத்தை இழந்தார்கள். சிவில் எடுக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த இணைப்பைத் தன் கையால் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும் என்பேன்.

இரண்டு வேலையும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நாடுகளை இணைக்கும் லாஃபென்பர்க் பாலம் இருக்கிறது. ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் உயரத்தைக் கணக்கிடும் கடல்மட்டம் வேறு வேறு, வித்தியாசம் 27 செ.மீ. அது தெரிந்தே இருந்தது, திருத்தமும் செய்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்ததைப் போல, குறி மாறிப்போனது. 2003-இல் ரைன் ஆற்றின் இரு கரைக்கும் நடுவே 54 செ.மீ. ஏற்றத்தாழ்வு. டிராயிங்கில் "+ உயரம்" என்று பார்த்ததும் "எந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த அடிப்படைப் புள்ளியிலிருந்து)?" என்று கேட்கும் பழக்கம் சர்வே டீமில் இருந்தவர்களுக்குத் தானாக வரும்.

எதிர்காலம் பற்றிக் கொஞ்சம். ரோபாட்டிக் டோட்டல் ஸ்டேஷன், ட்ரோன், லேசர் ஸ்கேனர் எல்லாம் வந்தபின் மூன்று பேர் செய்ததை ஒருவரே செய்கிறார். ஆகவே ஸ்டாஃப் பிடிப்பதோடு நிற்கிறவருக்கு இடம் குறையும். டேட்டாவைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு எல்லை அளவை, கடலடி அளவை, சுரங்கம், அணைகளின் அசைவைக் கண்காணிப்பது என்று வேலை விரியும். சிவிலில் மண், நீர், சாலை, கட்டமைப்பு என்று நடுவழியில் துறை மாறுவது இன்னும் சுலபம். சர்வேயில் டிப்ளமோ முடித்துச் சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்கலாம், சின்ன டீமோடு சொந்தத் தொழிலும் நடத்தலாம்.

மதிப்பெண் குறைந்ததால் சர்வே என்று மட்டும் போகாதீர்கள். அந்த எண்ணத்தோடு வந்தவர்கள் கருவியை மதிப்பதில்லை, கருவியும் அவர்களைக் கைவிட்டுவிடும். முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறவருக்கு நான் சொல்வது: சிவில் படியுங்கள், முதல் இரண்டு வருடம் சர்வே டீமில் இருங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம். உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அரை கிலோமீட்டர் சுற்றி அளந்து, புறப்பட்ட புள்ளிக்கே திரும்புங்கள். உயர வித்தியாசம் பூஜ்யம் வர வேண்டும், வராது, சில மில்லிமீட்டர் மிச்சம் நிற்கும். அந்த மில்லிமீட்டர் எங்கே நுழைந்தது என்று தேடி மறுபடி நடக்கத் தோன்றினால் சர்வே. எழுதி வைத்த உயரங்களைப் பார்த்ததும் மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும், வடிகாலை எங்கே வெட்டலாம் என்று கை காகிதத்தில் கோடு போட ஆரம்பித்தால் சிவில்.